எங்கள் ஜபக் குழுவில் எனக்குத்தான் நாடி குறைவு

நாற்பத்திரண்டு. எங்கள் ஜபக் குழுவில் அதைவிடக் குறைந்த நாடித்துடிப்பு யாருக்கும் இல்லை. நாற்பத்தெட்டோடு பங்கஜம் இரண்டாவது இடத்தில் இருந்தாள். தினமும் காலையில் என் எண்ணுக்குக் கீழே சாரதா டீச்சர் வாட்ஸாப்பில் ஒரு தாமரைப் பூ போடுவார். அதைப் பார்த்துவிட்டுத்தான் நான் சாயா குடிப்பேன். இப்போது என் இடது காறையெலும்புக்குக் கீழே, தோலுக்கு அடியில், தீப்பெட்டியைவிடச் சிறிய ஒரு கருவி இருக்கிறது. என் நாடி இனி அறுபதுக்குக் கீழே போகாது. இடையில் நடந்தவற்றை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். தையல் மெஷினை மிதிக்க இன்னும் அனுமதி கிடைக்கவில்லை, வேறு வேலையும் இல்லை.

நான் மட்டாஞ்சேரியில் பள்ளிச் சீருடை தைப்பவள். தாத்தா காலத்தில் மிளகுக் கிடங்கு வேலைக்காகத் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். பதினொரு வருடங்களுக்கு முன்பு எர்ணாகுளத்தில் நடந்த ஒரு முகாமுக்குப் போனேன். அங்கே திரைக்குப் பின்னால் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, காதில் மந்திரம் சொல்லிக் கொடுத்தார்கள். “இது உனக்கு மட்டும். யாருக்கும் சொல்லாதே. உதடுகூட அசையக் கூடாது” என்றார் சொன்னவர். நான் இவரிடம்கூடச் சொன்னதில்லை. இவர் என்றால் என் கணவர். வல்லார்பாடம் கன்டெய்னர் முனையத்தின் வாசலில் லாரிகளின் காகிதங்களைச் சரிபார்க்கும் வேலை. ஒருமுறைகூட என்ன மந்திரம் என்று கேட்காத மனிதர்.

மௌன ஜபம் என்றால் மூக்கைப் பிடித்துக்கொண்டு உட்காருவது என்று பலர் நினைக்கிறார்கள். காலையில் இருபது நிமிடம் உட்காருவேன், அவ்வளவுதான். மீதியெல்லாம் நடமாட்டத்தில்தான். பட்டனுக்குக் காஜா எடுக்கும்போது, ரேஷன் கடை வரிசையில், படகுக்குக் காத்திருக்கும்போது, மனசுக்குள் அது ஓடிக்கொண்டே இருக்கும். வலது கைக் கட்டைவிரல் மற்ற விரல்களின் கணுக்களைத் தொட்டுத் தொட்டு எண்ணும். இவர் ஏதாவது கேட்டு நான் பதில் சொல்லாவிட்டால், முதலில் என் கட்டைவிரலைத்தான் பார்ப்பார். அது நகர்ந்துகொண்டிருந்தால் கொஞ்சம் பொறுத்து மறுபடி கேட்பார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சாரதா டீச்சர் வீட்டு மாடியில் ஒன்பது பேர் சேர்ந்து நாற்பது நிமிடம் ஜபம் செய்வோம். டீச்சர் பள்ளியில் கணக்கு எடுத்து ஓய்வு பெற்றவர். அங்கே இரண்டு சட்டம். மணி அடிக்கும்வரை யாரும் வாயைத் திறக்கக் கூடாது, யாரையும் தொடக் கூடாது. ஜபத்தில் கிடைத்த அனுபவத்தை யாரிடமும் சொல்லக் கூடாது, சொன்னால் நீர்த்துப் போகும்.

ஆனால் மனுஷ மனசு சும்மா இருக்குமா? டீச்சருடைய மகன் வெளிநாட்டிலிருந்து நாடித்துடிப்பு காட்டும் கைக்கடிகாரம் ஒன்று அனுப்பினான். ஜபம் முடிந்ததும் அறுபத்தொன்று காட்டியது. மனசு அடங்கினால் நாடியும் அடங்கும் என்றார் டீச்சர். அனுபவத்தைத்தான் சொல்லக் கூடாது, எண்ணைச் சொல்லலாமே. மூன்று மாதத்தில் ஒன்பது பேர் கையிலும் கடிகாரம் ஏறிவிட்டது. எனக்கு என் மகள் சுபா வாங்கித் தந்தாள். களமசேரியில் வேலை பார்க்கிறாள். அம்மா உடம்பைப் பார்த்துக்கொள்கிறாளே என்று பாவம் சந்தோஷப்பட்டாள்.

என் எண் இறங்கிக்கொண்டே வந்தது. ஐம்பத்தெட்டு, ஐம்பத்தொன்று, நாற்பத்தாறு. கடிகாரம் அதிர்ந்து, துடிப்பு மிகக் குறைவு என்று எச்சரித்தது. டீச்சரிடம் காட்டினேன். “அது சாதாரண ஆளுங்களுக்கு வெச்ச அலாரம் மீனாட்சி. நீ அத ஆஃப் பண்ணிடு, ஜபத்துக்குத் தொந்தரவு” என்றார். ஆஃப் செய்தேன். இதை எழுதும்போது என் தலையில் நானே குட்டிக்கொள்ள வேண்டும் போல இருக்கிறது.

மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. ஐம்பத்தாறு வயது, அப்படித்தான் இருக்கும் என்று விட்டேன். துணி வெட்டக் குனிந்து நிமிர்ந்தால் கண்ணுக்கு ஓரத்தில் இருட்டு வந்து போனது. அதையும் விட்டேன். ஆனால் ஜபத்தில் உட்கார்ந்தால் வேறு ஒன்று நடந்தது. ஓடிக்கொண்டிருக்கும் மந்திரம் தானாக நின்றுவிடும். கடைச் சத்தம், தெருச் சத்தம், என் பெயர் எல்லாம் எங்கோ போய்விடும். இரண்டு மூன்று வினாடிதான் இருக்கும். பதினொரு வருடம் இதற்குத்தானே உட்கார்ந்தோம் என்று கண்ணீர் வரும். யாரிடமும் சொல்லவில்லை. சட்டம் அப்படி.

ஜூன் மாதம், சீருடைக் காலம். ஒரு வெள்ளிக்கிழமை ஜபத்தில் அந்த அமைதி கொஞ்சம் நீளமாக வந்தது. கண் விழித்தபோது சுவரில் சாய்ந்து, பாதி உடம்பு பாயில் சரிந்து கிடந்தேன். எல்லோரும் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்கள். மணி அடித்ததும் டீச்சர் என்னைப் பார்த்துக் கை கூப்பினார். அன்று இரவு குழுவில் எனக்கு ஐந்து தாமரை.

மறுநாள் கடையில் ஸ்டூலிலிருந்து விழுந்தேன். சனிக்கிழமை லீவாக இருந்ததால் இவர் கடைக்கு வந்து பட்டன் தைத்துக்கொண்டிருந்தார். அடுத்து எனக்கு நினைவில் இருப்பது ஆட்டோவின் கூரை.

எர்ணாகுளத்தில் ஒரு பெரிய மருத்துவமனை. நெஞ்சில் கிளிப்புகளை ஒட்டி இ.சி.ஜி. எடுத்தார்கள். இதயத்தில் ஓடும் மின்சாரத்தைக் காகிதத்தில் கோடாக வரைவதுதான் அது. எடுத்த பையன் காகிதத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், ஓடினான். இரண்டு நிமிடத்தில் என்னை ஸ்ட்ரெச்சரில் படுக்க வைத்துத் தள்ளிக்கொண்டு போனார்கள். “நான் நடப்பேன்” என்றேன். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கடையில் வெட்டிப் போட்ட முப்பது பாவாடை அப்படியே கிடக்கிறதே என்ற எரிச்சல்தான் எனக்கு. பயம் பிறகுதான் வந்தது.

டாக்டர் சுபாவைவிட நாலைந்து வயது மூத்த பெண். அவர் மலையாளத்தில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன். இதயத்தில் மேல் அறைகள் உண்டு, கீழ் அறைகள் உண்டு. துடி என்ற கட்டளை மேலிருந்து கீழே மின்சாரமாக இறங்க வேண்டும். எனக்கு அந்தப் பாதை முழுதாக அடைபட்டுவிட்டது. மேலே எழுபத்தைந்து தடவை துடிக்கிறது, கீழே அது கேட்கவே இல்லை. கீழ் அறை தானாக, மெதுவாக, தோன்றினபோது துடிக்கிறது. எனக்கு உடனே புரிந்தது. பெல்ட் நழுவிய தையல் மெஷின். மேலே மோட்டார் ஓடும், கீழே ஊசி இறங்காது.

“அதுக்கு இதய அடைப்புன்னு பேர். ரத்தக்குழாய் அடைப்பு இல்ல, கரன்ட் அடைப்பு” என்றார். பிறகு, “எத்தனை நாளா நாடி குறைஞ்சிருக்கு?” என்று கேட்டார்.

“அஞ்சு மாசமா.”

“தெரிஞ்சுமா டாக்டரைப் பார்க்கல?”

என்ன சொல்ல? முதல் பரிசு வாங்கிக்கொண்டிருந்தேன் என்றா?

தீவிர சிகிச்சைப் பிரிவில் பகலும் இரவும் ஒன்றுதான். ஒரே வெளிச்சம், ஒரே குளிர், பக்கத்துக்குப் பக்கம் பீப் பீப். வலது கைச் சுட்டுவிரலில் ஒரு கிளிப் மாட்டினார்கள். ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று பார்ப்பதற்காம். நான் கண்ணை மூடி ஜபம் தொடங்கினேன். கட்டைவிரல் பழக்கத்தில் கணுக்களைத் தொட ஆரம்பித்தது. சுட்டுவிரலுக்கு வந்ததும் கிளிப் அசைந்து, தலைமாட்டில் இருந்த திரை அலற ஆரம்பித்தது. நர்ஸ் ஓடி வந்தாள்.

“சேச்சி, விரல் அனக்கல்லே.”

அக்கா, விரலை அசைக்காதே என்கிறாள். சரி என்றேன். ஐந்து நிமிடத்தில் மறுபடி அலறல். “எந்தா சேச்சி இது?” கிளிப்பை இடது கைக்கு மாற்றினாள். எனக்கோ வலது கையை அசைக்கவே பயமாகிவிட்டது, கிளிப் அங்கே போனதை மறந்து இடது கையில் எண்ணினேன். பழக்கம் விடுமா? மூன்றாவது முறை வந்தபோது அவள் முகம் சிவந்திருந்தது. எனக்கும் சிவந்துதான் இருந்திருக்கும். எண்ணாமல் ஜபம் செய்து பார்த்தேன். பக்கத்துத் திரையின் பீப் சத்தத்தோடு மந்திரம் ஒட்டிக்கொண்டு, அதன் வேகத்தில் ஓட ஆரம்பித்தது. பதினொரு வருட ஜபம், அவசரத்துக்கு ஒரு பத்து நிமிடம்கூட உதவவில்லை.

பார்வையாளர் நேரம் ஐந்து நிமிடம். இவர் பச்சை அங்கி மாட்டிக்கொண்டு வந்தார். கஞ்சியும் தேங்காய்ச் சம்மந்தித் துவையலும் வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்களாம், அது ஒரு கோபம் அவருக்கு. என் கைகள் இரண்டும் போர்வைக்கு வெளியே கட்டை மாதிரிக் கிடப்பதைப் பார்த்தார். காரணத்தைச் சொன்னேன். கட்டில் பக்கம் நெருங்கி வந்தார். பிறகு தன் வலது கையை விரித்து என் உள்ளங்கையில் வைத்தார்.

“என் விரலை எண்ணிக்கோ. என் விரல்ல கிளிப் இல்லயே.”

எண்ணினேன். விரல் நுனியில் கார்பன் காகிதத்தின் நீலம் இருந்தது. ஐந்து நிமிடத்தில் எத்தனை சொல்ல முடியும்? நர்ஸ் வந்து வெளியே போகச் சொன்னபோது இவர் கையை உடனே எடுக்கவில்லை.

மறுநாள் விடியற்காலையில் துடிப்பு நான்கு வினாடி நின்றுவிட்டதாகச் சொன்னார்கள். தொடை வழியாக ஒரு மெல்லிய கம்பியை இதயத்துக்கு ஏற்றி, வெளியே ஒரு பெட்டியோடு இணைத்தார்கள். தற்காலிக பேஸ்மேக்கர். பேஸ்மேக்கர் என்றால், இதயம் துடிக்க மறந்தால் சின்னதாக ஒரு மின்சாரத் தட்டு தட்டி ஞாபகப்படுத்தும் கருவி. காலை மடக்கக் கூடாது, புரளக் கூடாது. திரையில் எழுபது என்று நின்றது. மூச்சு சீரானது, கை கால் சூடானது. இத்தனை மாதமாக நான் எவ்வளவு களைத்திருந்தேன் என்பது அப்போதுதான் தெரிந்தது.

ஆனால் கண்ணை மூடினால் அந்த அமைதி இல்லை. மந்திரம் டவுன் பஸ் மாதிரி ஓடிக்கொண்டே இருந்தது. ஒரு நாள் முழுக்கப் பார்த்தேன், ஒரு தடவைகூட நிற்கவில்லை. டாக்டர் வந்தபோது வெட்கத்தை விட்டு, சட்டத்தையும் விட்டு, எல்லாவற்றையும் சொன்னேன். மந்திரம் நிற்பதை, பெயர் மறப்பதை, கண்ணீரை.

பொறுமையாகக் கேட்டார். “இதயம் நின்னா மூளைக்கு ரத்தம் போகாது சேச்சி. அதான்” என்றார்.

அதான். என் பதினொரு வருடத்துக்கு அவர் சொன்ன விளக்கம் அந்த ஒரு சொல்தான். அவர்மேல் தப்பில்லை. ஆனால் தலையணையைத் தூக்கி எறிய வேண்டும் போல இருந்தது, அதற்கும் கையை அசைக்கக் கூடாது.

நிரந்தரக் கருவி வைக்கச் சம்மதப் படிவம் நீட்டினார்கள். நான் கையெழுத்துப் போடவில்லை. பைத்தியக்காரத்தனம் என்று எனக்கே தெரிந்தது. அந்த அமைதி நோய் தந்ததாகவே இருக்கட்டும், எனக்குக் கிடைத்த ஒன்றே ஒன்று அதுதானே. இதில் கையெழுத்துப் போட்டால் இனி சாகும்வரை அது வராது. “ஐம்பதுல வைக்க முடியுமா?” என்று கேட்டேன்.

“இது மீன் மார்க்கெட் இல்ல சேச்சி” என்றார் டாக்டர். “நாளைக்குக் காலையில சொல்லுங்க. தொடைக் கம்பி ரொம்ப நாள் தாங்காது.”

அன்று சாயங்காலம் ஐந்து நிமிடத்துக்கு இவர் வந்தார். டாக்டர் சொல்லியிருக்கிறார் போல. படிவத்தைக் கையிலேயே வைத்திருந்தார்.

“மீனா, ஒப்பு போடு.”

“உங்களுக்குப் புரியாது. அந்த அமைதியில நான் எங்க இருந்தேன்னு...”

“நீ எங்க இருந்தியோ எனக்குத் தெரியாது. நான் இங்க இருந்தேன். கடைத் தரையில கெடந்த ஒன் மூஞ்சியப் பாத்துட்டு இருந்தேன். நீல நெறமா இருந்துச்சு.”

கல்யாணமாகி முப்பது வருடத்தில் இவர் என்னிடம் குரலை உயர்த்தியதில்லை. அன்றும் உயர்த்தவில்லை. படிவத்தை என் பக்கம் நீட்டினார். வாங்கிக் கையெழுத்துப் போட்டேன்.

தோலை மட்டும் மரத்துப்போக வைத்துத்தான் கருவியைப் பொருத்துவார்கள், நாம் விழித்திருப்போம். முகத்தில் பச்சைத் துணி. ஜபம் செய்யலாம் என்று பார்த்தால், அந்தப் பக்கம் இரண்டு பேர் தோப்பும்படியில் எந்தக் கடை பிரியாணி நல்லது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். நான் மனசுக்குள் ஒரு கடையைத் தேர்ந்தெடுத்தும்விட்டேன். ஒரு மணி நேரத்தில் முடிந்தது.

வார்டுக்கு வந்த பிறகு பார்க்க வந்தவர்களில் இரண்டு ஜாதி. “ஜபம் பண்ற உனக்கா இப்படி?” என்பவர்கள் ஒன்று. “ஜபம் பண்ணதாலதான் இத்தோட போச்சு” என்பவர்கள் மற்றொன்று. இரண்டு பேருக்கும் ஆரஞ்சுப் பழம் உரித்துக் கொடுத்தாள் சுபா. கடிகாரம் வாங்கிக் கொடுத்த குற்ற உணர்ச்சியில் அவள் பாதியாகிவிட்டிருந்தாள். அதைக் கழற்றி அவளிடமே கொடுத்து, எச்சரிக்கையை அணைத்தது நான்தான் என்று சொன்னேன். அழுதுவிட்டு, என் தலையை வாரிப் பின்னிவிட்டாள். இன்ஷூரன்ஸ் அனுமதி வரவில்லை என்று ஒரு நாள் முழுக்கக் கட்டிலில் காத்திருக்க வைத்து, மறுநாள் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

ஆறு வாரம் இடது கையைத் தோளுக்கு மேல் தூக்கக் கூடாது. காலையில் உட்காருவேன். மந்திரம் ஓடும், ஓடும், ஓடிக்கொண்டே இருக்கும். இருபது நிமிடம் முடிந்து எழுந்தால் கோபம்தான் மிஞ்சும். குழுவில் நடந்ததையெல்லாம் எழுதிப் போட்டேன். டீச்சர் வணங்கும் கை ஒன்று போட்டு, “பிராரப்தம்” என்று எழுதினார். மறுநாள் காலையிலிருந்து வழக்கம்போல எண்களும் தாமரைகளும். இப்போது முதல் இடம் பங்கஜத்துக்கு. நாற்பத்தைந்து.

பங்கஜம் இட்லி மாவு அரைத்து விற்பவள். என்னோடு அதே முகாமில் மந்திரம் வாங்கியவள். மாடியில் பதினொரு வருடமும் எனக்குப் பக்கத்துப் பாய். ஆஸ்பத்திரிக்கு வந்தபோது அழுதாள். “அன்னிக்கு நீ சரிஞ்சப்ப நான் பாத்தேன் மீனா. தொடலாம்னு கையத் தூக்கினேன். டீச்சர் கண்ணால வேணாம்னாங்க.” தூக்கிய கையை மடியில் வைத்துக்கொண்டாளாம். அவளிடம் இ.சி.ஜி. எடு என்று மூன்று தடவை ஃபோனில் சொன்னேன். “எனக்கு ஒண்ணும் இல்லடி, நான் நல்லாத்தான் இருக்கேன்” என்றாள். நானும் அப்படித்தானே இருந்தேன்.

ஏழாவது வெள்ளிக்கிழமை மாடிக்குப் போனேன். மணி அடித்தது, எல்லோரும் கண்ணை மூடினார்கள். நான் மூடவில்லை. பங்கஜத்தின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பதினைந்து நிமிடத்தில் அவள் மேல் உதட்டில் வியர்த்தது. தலை மெதுவாக முன்னால் சாய்ந்தது. டீச்சர் கண்ணைத் திறந்து, அவளைப் பார்த்து, என்னைப் பார்த்து, வேண்டாம் என்று தலையசைத்தார்.

நான் பங்கஜத்தின் தோளைப் பிடித்து உலுக்கினேன். “எந்திரி. ஆஸ்பத்திரிக்குப் போலாம்” என்று சத்தமாகவே சொன்னேன். மற்ற எல்லோரும் விழித்துக்கொண்டார்கள். “இது என்ன அநாகரிகம் மீனாட்சி?” என்றார் டீச்சர். நல்ல கையால் அவளைத் தாங்கிப் படியிறக்கினேன். அன்று இரவே வாட்ஸாப் குழுவிலிருந்து என்னை நீக்கிவிட்டார்கள்.

முடிவை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். பங்கஜத்துக்கு இதய அடைப்பு இல்லை. ரத்த அழுத்தத்துக்குச் சாப்பிட்ட மாத்திரை, நாடியையும் குறைக்கும் வகை. பழைய டாக்டர் எழுதியதையும் புது டாக்டர் எழுதியதையும் சேர்த்து, வேறு வேறு பெயரில் ஒரே மாத்திரையை இரண்டாக விழுங்கிக்கொண்டிருந்திருக்கிறாள். ஒன்றை நிறுத்தினார்கள். இப்போது நாடி அறுபத்தெட்டு. தாமரை போனதில் அவளுக்கு இன்னும் கொஞ்சம் வருத்தம்தான்.

ஆனால் ஆட்டோவில் அது எதுவும் எங்களுக்குத் தெரியாது. தோப்பும்படிப் பாலத்தில் வண்டிகள் அசையவே இல்லை. ஆட்டோ சேட்டன் ஹாரன் அடித்து ஓய்ந்துவிட்டார். பங்கஜம் என் தோளில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தாள். மணிக்கட்டைப் பிடித்து நாடியை எண்ண ஆரம்பித்தேன். ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் நடுவில் அவ்வளவு இடைவெளி. அடுத்தது வருமா என்று ஒவ்வொரு தடவையும் விரலை இன்னும் அழுத்திப் பார்த்தேன். இந்த இடைவெளியையா நான் ஐந்து மாதம் கொண்டாடினேன்? வா, வா என்று அதைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன்.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் கவனித்தேன். நான் வா என்று கூப்பிடவில்லை. மந்திரத்தைச் சொல்லிக்கொண்டிருந்தேன், ஒவ்வொரு துடிப்புக்கும் ஒன்றாக. உதடு அசைந்தது, சத்தமும் வெளியே வந்துகொண்டிருந்தது.

பங்கஜம் கண்ணைத் திறந்தாள்.

“அதான் ஒன் மந்திரமா?”

எனக்கு முகமெல்லாம் எரிந்தது. பெற்ற மகளுக்குச் சொல்லாததை ஆட்டோவில் கத்திவிட்டேன். “ஆமா” என்றேன்.

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“என்னோடதும் அதான் மீனா.”

உனக்கு மட்டும் என்று காதில் சொன்னவர்மேல் எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது. பதினொரு வருடம், பக்கத்துப் பக்கத்துப் பாயில், வாயைப் பூட்டிக்கொண்டு, ஒருத்திக்குத் தெரியாமல் இன்னொருத்தி அதையே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறோம். திட்டுவதற்கு வாயைத் திறந்தேன், சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அவளுக்கும்தான். அதில் எண்ணிக்கை எங்கே இருந்தது என்று எனக்கு மறந்துபோனது.

பங்கஜம் கையை மறுபடி என் மடியில் நீட்டினாள். “மொதல்ல இருந்து எண்ணு. நானும் சொல்றேன்” என்றாள்.